அடுத்த வருஷத்து ஃபைல்

அத்தியாயம் ஏழு

"இன்னும் எவ்வளவு ஓடும்?" என்று சித்தி கேட்டாள்.

"முடியற வரைக்கும் ஓடும் மேடம்" என்றான் பில்டர்.

பில்டர் என்றதும் செங்கல், சிமெண்ட் என்று போய்விடாதீர்கள். அது நான் வைத்த பட்டப்பெயர். ஆராய்ச்சிக்கூடங்களுக்கு விஞ்ஞான மென்பொருளைக் கட்டி, நிறுவித் தருவது அவன் பிழைப்பு. முப்பதை எட்டாத பையன், மூன்று நாள் தாடி, தூங்காத கண். அவன் அறையில் காலையிலிருந்து நாங்கள் இருவரும் உட்கார்ந்திருந்தோம். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் மேலே மேலே போய்க்கொண்டே இருந்தன. சித்தி மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியையும் படிக்கப் பார்த்தாள். நான் பிஸ்கட் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்தேன். அதிலாவது புரிகிற மாதிரி ஏதோ எழுதியிருந்தது.

சித்தி என்றால் நிஜ சித்தி, என் அம்மாவின் தங்கை. காப்பீட்டு நிறுவனத்தில் க்ளெய்ம் இன்ஸ்பெக்டராக இருந்தவள். எரிந்த கடை, கவிழ்ந்த லாரி, காணாமல் போன நகை என்று பொய்களை மோந்தே வயதானவள். வேலையை விட்டதும் துப்பறிய வந்துவிட்டாள். நான் அவளுக்கு உதவியாளர். சம்பளம் அவ்வப்போது வரும், திட்டு தவறாமல் வரும்.

"இதைக் கடையில வாங்கிப் போட முடியாதா?" என்றேன்.

"ரெடிமேடா கிடைக்காதுங்க. ஆத்துத் தண்ணியைக் கணக்கு பண்ற மென்பொருள். எங்கெங்கேயோ இருக்கற ஆராய்ச்சிக்காரங்க சேர்ந்து எழுதி, சோர்ஸ் கோடை அப்படியே பொதுவுல வெச்சிருக்காங்க. அதை இறக்கி, நம்ம மெஷினுக்கு ஏத்த மாதிரி நாமளே கம்பைல் பண்ணிக்கணும், கட்டறதுன்னு சொல்லுவோம். ஒவ்வொரு ஃபைலையும் தனித்தனித் துண்டா கட்டி, கடைசியில எல்லாத்தையும் சேர்க்கணும்."

"அதாவது துணியும் அளவும் அவங்க தருவாங்க, தைக்கறது நாம."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. பில்டரின் முகம் சுருங்கிவிட்டது. சித்தி என் காலை மிதித்தாள். இந்த வழக்கில் செத்துப் போனவர் ஒரு தையற்காரர். என் வாயைத் தைக்க ஒருத்தரும் இல்லை.

வழக்கு இதுதான். போன மழையில் அணை நிரம்பி, மதகைத் திறந்தே ஆக வேண்டும் என்ற நிலை வந்தது. திறந்தால் ஆற்றின் வளைவில் இருக்கிற கீழ்த்தெருவில் தண்ணீர் எவ்வளவு ஏறும் என்று நீர்வளத் துறை இவனுடைய அக்காவைக் கேட்டது. அக்கா ஆற்று வெள்ளத்தைக் கணக்கிடும் விஞ்ஞானி. முழங்காலுக்குக் கீழேதான் நிற்கும் என்று அவள் எண் கொடுத்தாள். அதை நம்பித் தெருவைக் காலி செய்யாமல் மதகைத் திறந்தார்கள். தண்ணீர் ஜன்னலைத் தாண்டிப் போயிற்று. தரைத்தளத்தில் குடியிருந்த தையற்காரரும், படுத்த படுக்கையாய்க் கிடந்த அவர் மனைவியும் வெளியே வரவில்லை. அவர் மட்டும் நினைத்திருந்தால் மாடிக்கு ஓடியிருக்கலாம் என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள்.

விசாரணைக் குழு அக்காவைக் கூப்பிட்டது. "நான் மென்பொருளை ஓட்டவே இல்லை. நேரமில்லாததால் குத்துமதிப்பாக ஓர் எண்ணைச் சொன்னேன்" என்று அவளே எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டாள். வேலை போயிற்று. இன்று மாலை ஐந்து மணிக்கு அறிக்கை போலீசுக்குப் போகிறது. போனால் கைது, ஜெயில்.

தம்பிக்காரன் நம்பவில்லை. எங்களிடம் வந்த முதல் நாளே மேஜையைத் தட்டினான். "டீக்கு சர்க்கரை போட்டாக்கூட அளந்து போடறவ மேடம் எங்க அக்கா. அவளாவது, குத்துமதிப்பாவது! யாரோ அவளை மிரட்டியிருக்காங்க. இல்லாட்டி அவளுக்குக் கொடுத்த, அணையிலேருந்து எவ்வளவு தண்ணி வருதுங்கற கணக்குல யாரோ கை வெச்சிருக்காங்க."

அதற்கப்புறம் சொன்னதுதான் அவனுடைய நிஜமான புண். "அந்த வெள்ளத்திலேருந்து எங்கிட்ட ஒரு வார்த்தை பேசல. போன் எடுக்கல. கதவைத் தட்டினா திறக்கல. அம்மா அப்பா போனப்புறம் எனக்கு எல்லாமே அவதான். ஜெயிலுக்குப் போனாக்கூடப் போய்ப் பாத்துப்பேன். ஏன் பேச மாட்டேங்கறான்னு மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லுங்க." மூக்கைத் துடைத்துக்கொள்ளக் கைக்குட்டைகூட இல்லை அவனிடம். என் துப்பட்டாவைக் கொடுக்கலாமா என்று ஒரு கணம் யோசித்தேன்.

சித்தி போட்ட திட்டம் எளிமையானது. துறையின் கையில் இருக்கும் அணைக் கணக்கை நேராக அங்கிருந்தே வாங்குவது. ஒரு புத்தம்புது கம்ப்யூட்டரில் அதே மென்பொருளை மூலத்திலிருந்து மறுபடி கட்டி, அந்தக் கணக்கை அதில் ஓட்டுவது. அக்கா சொன்ன எண்ணே வந்தால், அவள் நேர்மையாக ஓட்டித்தான் சொல்லியிருக்கிறாள், தப்பு வேறெங்கோ என்று குழுவிடம் அடித்துச் சொல்லலாம்.

எழுத்துகள் நின்றன. "கட்டி முடிஞ்சுது. டெஸ்ட் எல்லாம் பாஸ்" என்றான் பில்டர். கணக்கை உள்ளே கொடுத்தான். மின்விசிறி உறுமியது. சற்று நேரத்தில் திரையில் ஓர் எண் வந்தது. அவன் அதைப் பார்த்தான், கண்ணைக் கசக்கிக்கொண்டு திரும்பப் பார்த்தான்.

"ஜன்னலுக்கு மேல" என்றான்.

அன்று தண்ணீர் நிஜத்தில் ஏறிய அதே உயரம். மென்பொருள் சரி. துறையின் கணக்கும் சரி. அப்படியென்றால் அக்கா சொன்ன முழங்கால் தண்ணீர் இதிலிருந்து வரவில்லை.

"அப்ப அவ நிஜமாவே ஓட்டலையா?" பில்டரின் குரல் உடைந்தது. "ஓட்டியிருந்தா இதுதானே வந்திருக்கும்? அந்த ரெண்டு பேரும் இருந்திருப்பாங்களே. எங்க அக்கா எதையோ வாய்க்கு வந்ததைச் சொல்லி..." மேலே பேச முடியாமல் நாற்காலியில் சரிந்தான்.

 அக்காவைக் காப்பாற்ற வந்து, அவள் சொன்னது உண்மைதான் என்று நாங்களே நிரூபித்துவிட்டோம். இதற்கு ஃபீஸ் வேறு.

சித்தி மட்டும் கலங்கவில்லை. பேனாவால் மேஜையைத் தட்டினாள். "உங்க அக்கா துறைக்குச் சொன்ன எண் என்ன? அப்படியே சொல்லுங்க."

"புள்ளி நாலு ஒண்ணு மூணு ஏழு மீட்டர்."

"ஏண்டி," சித்தி என் பக்கம் திரும்பினாள், "நீ உங்கம்மாகிட்ட பொய் சொல்றப்போ எத்தனை மணிக்கு வீட்டுக்கு வந்தேன்னு சொல்லுவ?"

"பத்து. ரொம்ப மாட்டிக்கிட்டா பத்தரை."

"பத்து மணி ஏழு நிமிஷம்னு சொல்லுவியா?"

"நான் என்ன லூசா?"

"அவ்வளவுதான். குத்துமதிப்பா சொல்றவங்க முழங்கால்னு சொல்லுவாங்க, அரை மீட்டர்னு சொல்லுவாங்க. கடைசியில ஒரு மூணும் ஏழும் ஒட்டிக்கிட்டு வராது. இது மனுஷ வாயிலேருந்து வந்த எண் இல்ல, ஒரு மெஷின் துப்பினது. அவங்க ஓட்டியிருக்காங்க. ஓட்டலைன்னு சொன்னதுதான் பொய்."

பில்டர் நிமிர்ந்து உட்கார்ந்தான். "ஆனா அவ மெஷின்லயும் இதே சோர்ஸ்தான் மேடம். நானே கட்டிக் கொடுத்தேன். பழைய வர்ஷன்ல ஒரு கோளாறு இருந்துச்சு. ஆறு வளையற இடத்துல தண்ணி தேங்கும் இல்லையா, அதைக் குறைச்சுக் காட்டும். எழுதினவங்களே திருத்தி வெளியிட்டாங்க. வந்த கையோட போய் அதையும் போட்டுட்டு வந்தேன். அவ மெஷின்லயும் இதே எண்தான் வரணும், வேற வரவே வராது."

"அந்த மெஷின் இப்ப எங்க?"

"வேலை போனப்போ ஆபீஸ்ல கேட்டு எடுத்துட்டுப் போயிட்டா. பழைய பொட்டிதானேன்னு விட்டுட்டாங்க."

சித்தி எழுந்து செருப்பை மாட்டினாள். "எரிஞ்ச கடைக்குப் போனா நான் எது எரிஞ்சுதுன்னு பாக்க மாட்டேன். நெருப்புக்கு முன்னாடி முதலாளி எதை வெளிய எடுத்துட்டுப் போனான்னுதான் பாப்பேன். ஓட்டவே இல்லைங்கறவங்களுக்கு அந்தப் பொட்டி எதுக்கு? கிளம்பு."

பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கவில்லை. கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே போனோம். பில்டர் வழி நெடுக அக்காவைப் பற்றியே பேசினான். அவளுக்குச் சுவர்க் கடிகாரம் ஒரு நிமிஷம் தப்பாக ஓடினாலும் ஆகாதாம். இவன் பரீட்சைக்குப் படிக்கும்போது, தானும் எதிரில் ஒரு புத்தகத்தை வைத்துக்கொண்டு விடிகிற வரை விழித்திருப்பாளாம். "நான் ஏதாவது தப்பு பண்ணிட்டேனாங்க? கோவமா இருந்தா திட்டிடலாமே. ரெண்டு அறைகூட அறையலாம். பேசாம இருக்கறது என்ன தண்டனை?" என்று என்னைக் கேட்டான். எனக்கு எதிலும் ஒரு நக்கல் தயாராக இருக்கும். அவனைப் பார்த்தால் வரவில்லை.

நகரத்தின் மறுகோடியில் ஒரு நாலு மாடிக் கட்டடம். லிஃப்ட் வேலை செய்யவில்லை. "என்னைப் பாத்தா திறக்க மாட்டா" என்று சொல்லிவிட்டு அவன் எதிர்ப்பக்கம் மூடிக் கிடந்த ஒரு கடையின் வாசலில் நின்றுகொண்டான். நல்ல வெயில். நாங்கள் மட்டும் ஏறினோம். மூன்றாவது மாடியில் சித்திக்கு மூச்சு வாங்கியது.

"எப்படித் திறக்க வைக்கப் போறே?" என்று கிசுகிசுத்தாள்.

நான் கதவைத் தட்டினேன். "அம்மா! உங்க குளியலறைத் தண்ணி கீழ் வீட்டுல ஒழுகுது. கூரையே ஊறிப் போச்சு!"

உள்ளே தடதடவென்று ஓடும் சத்தம். பூட்டு திறந்தது. கையில் வாளியும் துணியுமாக ஒரு பெண் நின்றாள். நாற்பது இருக்கும். தம்பியின் அதே நீள மூக்கு. தண்ணீர் என்ற வார்த்தைக்கு அவள் முகம் வெளுத்திருந்த விதத்தைப் பார்த்ததும், இந்தப் பொய்க்கு என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

"ஒண்ணும் ஒழுகலைங்க" என்றாள் சித்தி, அதற்குள் ஒரு காலை உள்ளே வைத்துவிட்டு. "உங்க தம்பி அனுப்பினான். எதிர்க்கடை வாசல்ல வெயில்ல நிக்கறான்."

"போயிடுங்க. கையெழுத்து போட்டாச்சு. பேச எதுவும் இல்ல."

அறையில் ஒரு கட்டில், ஒரு நாற்காலி. சுவரில் எதுவும் இல்லை. கட்டில் மேல் ஒரு துணிப்பை தயாராக இருந்தது. இரண்டு மாற்றுத் துணி, துண்டு, சோப்பு, மாத்திரை. ஐந்து மணிக்காக மூட்டை கட்டி வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறாள். ஜெயிலுக்குப் போகிறவள் சோப்பை மறக்காமல் எடுத்து வைத்திருந்தது எனக்கு என்னவோ செய்தது.

"ஜெயில்னா பயமில்லையா?" என்று சித்தி கேட்டாள்.

"இல்ல."

"புள்ளி நாலு ஒண்ணு மூணு ஏழு. இதை எந்த வாய் சொன்னுச்சு, உங்க வாயா, உங்க பொட்டியா?"

 அக்காவின் கண் ஒரு நொடி கட்டிலுக்கு அடியில் போய்வந்தது. எனக்கு அந்த ஒரு நொடி போதும். குனிந்து, போர்வையில் சுற்றியிருந்ததை இழுத்தேன். கனமான பழைய கம்ப்யூட்டர். போர்வை விலகியதும் பக்கவாட்டில் ஒரு சின்ன ஸ்டிக்கர் தெரிந்தது. கோணல் எழுத்தில், "கடிகார பேட்டரி மாற்றியாச்சு. தேதி சரி செய்தாச்சு" என்று எழுதி, பக்கத்தில் ஒரு சிரிக்கிற முகம்.

"உங்க தம்பி எழுத்தா?" என்றாள் சித்தி. "கம்ப்யூட்டருக்குள்ள கடிகாரமா? அதுல என்ன கோளாறு இருந்துச்சு?"

"தெரியாது."

"அவனையே கேட்டுட்டாப் போச்சு" என்று நான் போனை எடுத்து அவன் எண்ணை அழுத்தினேன்.

"வேண்டாம்!"

ஜெயில் என்றபோது அசையாதவள், இப்போது இரண்டு கையாலும் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.  "அவன்கிட்ட மட்டும் அதைக் கேக்காதீங்க. உங்க காலைப் பிடிக்கறேன்."

சித்தி அவள் முகத்தைப் பார்த்தாள். ஸ்டிக்கரைப் பார்த்தாள். அவளுக்கு ஏதோ புரிந்துவிட்டது. "கடிகாரப் பேச்சே வேண்டாம், கட் பண்ணுடி" என்று என் பக்கம் பாய்ந்தாள். அதற்கு முன்பே அவன் எடுத்துவிட்டிருந்தான். ஸ்பீக்கரில் போட்டிருந்தேன், நான் எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் இல்லை. அக்காவின் குரல் அவன் காதில் எட்டியிருக்க வேண்டும்.

"அக்காவா அது? அக்கா கத்தற மாதிரி இருந்துச்சே. என்னைப் பத்தி என்ன கேக்கக்கூடாதாம்? கடிகாரமா? கடிகாரம்னு உங்க மேடம் சொன்னது கேட்டுச்சு." மூச்சு விடாமல் பேசினான். அக்காவின் குரலைக் கேட்டதே அவனுக்குப் போதையாக இருந்தது போல. "அந்த ஸ்டிக்கர்தானே? நான் ஒட்டினதுதான். அவ மெஷின் போர்டுல ஒரு குட்டி பேட்டரி செத்துப் போயிருந்துச்சு. ஆஃப் பண்ணி ஆன் பண்ணினா தேதி கண்டபடி தாவும். ஒரு வருஷம் தள்ளிப்போய் நின்னுடுச்சு. யாருமே கவனிக்கல. திருத்தம் போடப் போன அன்னிக்குத்தான் பாத்தேன். அக்காவுக்குத் தேதி தப்பா இருந்தா ஆகாதே, அதான் முதல் வேலையா பேட்டரியை மாத்தி, தேதியைச் சரி பண்ணிட்டு, அப்புறம் புது சோர்ஸைப் பழசு மேலயே போட்டுக் கட்டினேன்."

"சரிப்பா, போதும். அப்புறம் பேசலாம்" என்றாள் சித்தி. அவள் குரலில் அத்தனை மென்மையை நான் கேட்டதே இல்லை.

"இல்ல மேடம், அதுல தப்பே வராது. எல்லாத்தையும் திரும்பக் கட்டினா நாள் பூரா ஆகும். மேக்னு ஒரு கருவி இருக்கு, ரொம்ப சமத்து. அது தேதியை மட்டும் பாக்கும். எழுதின ஃபைல் புதுசா இருந்தா அந்தத் துண்டைத் திரும்பக் கட்டும். ஏற்கனவே கட்டின துண்டு புதுசா இருந்தா அதைத் தொடாது, அப்படியே..."

நின்றுவிட்டான்.

தெருவில் ஒரு ஹாரன் சத்தம் போனுக்குள் கேட்டது. அக்கா கண்களை மூடிக்கொண்டாள்.

"பழைய துண்டு எல்லாம் தேதி தள்ளிப் போயிருந்தப்போ கட்டினது" என்றான் மெதுவாக. "அதுங்க மேல அடுத்த வருஷத்துத் தேதி இருந்திருக்கும். திருத்தின ஃபைல்ல இந்த வருஷத்துத் தேதி."

சித்தி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள்.

"மேக் வளைவுத் துண்டைத் தொட்டிருக்காது. பழசை வெச்சே சேர்த்திருக்கும். வர்ஷன் நம்பர் தனி ஃபைல், அதைக் கட்ட வேண்டியதில்ல, அது மட்டும் புதுசுன்னு காட்டியிருக்கும்." குரல் இன்னும் இறங்கியது. "ஒரு எச்சரிக்கை ஓடுச்சு. தேதி எதிர்காலத்துல இருக்கு, கட்டினது முழுமையா இல்லாம இருக்கலாம்னு. அந்த மாதிரி நூறு ஓடும். நாங்க யாரும் நின்னு படிக்க மாட்டோம்."

அக்கா என் கையிலிருந்து போனை வாங்கினாள். "டேய்" என்றாள். "வெயில்ல நிக்காத. மேல வா."

இத்தனை நாளுக்குப் பிறகு அவள் தம்பியிடம் பேசிய முதல் வார்த்தை அது. பதில் வராமல் போன் அணைந்தது.

நாலு மாடி ஏற நேரம் பிடிக்கும். அந்த இடைவெளியில் அவள் அவசர அவசரமாகச் சொன்னாள். "வெள்ளத்துக்கு மறுநாளே திரும்பவும் ஓட்டினேன். அதே நாலு ஒண்ணு மூணு ஏழு. ஒவ்வொரு ஃபைலா பிரிச்சுப் பாத்தேன். வளைவு ஃபைல்ல இன்னும் வராத ஒரு தேதி. அன்னிக்கே புரிஞ்சு போச்சு. அவன்கிட்ட பேசினா, ஏன் அந்த எண் வந்துச்சுன்னு கேப்பான். என் குரல்லேயே கண்டுபிடிச்சிடுவான். அதான் பேசறதையே விட்டுட்டேன்."

"அந்த ஃபைலை அழிச்சிருந்தா யாருக்குமே தெரிஞ்சிருக்காதே?" என்றேன்.

"தரவை அழிக்கக் கை வரல" என்றாள். வெட்கப்பட்டாற்போல இருந்தது. விசாரணைக் குழு முன்னால் கூசாமல் பொய் சொன்னவள்.

"உங்க தம்பி ஒண்ணும் குழந்தை இல்லையே" என்றாள் சித்தி.

"சின்ன வயசுல அவன் கதவைச் சாத்தினப்போ ஒரு பூனைக்குட்டி இடுக்குல மாட்டிச் செத்துப் போச்சு. அவன் தெரிஞ்சு செய்யல. ஆனா அந்தக் கோடை பூரா ஒரு வார்த்தை பேசல, சரியா சாப்பிடல. இது ரெண்டு மனுஷங்க. அவன் தாங்க மாட்டான்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "தப்பு எனக்கும் உண்டு. அந்தத் தெருவுல நான் நடந்திருக்கேன். ஆறு அங்க எப்படித் திரும்பும்னு தெரியும். எண்ணைப் பாத்ததும் கம்மியா இருக்கேன்னு ஒரு நிமிஷம் தோணுச்சு. தம்பி கட்டினதாச்சே, அதுல தப்பு இருக்காதுன்னு அனுப்பிட்டேன்."

சித்தி சுவரில் சாய்ந்து நின்றாள். "நெருப்பு வெச்சவனைத் தேடித்தான் நான் எப்பவும் வருவேன். இதுல யாருமே வைக்கலையேடி" என்றாள் என்னிடம்.

பில்டர் வாசலில் வந்து நின்றான். மூச்சு வாங்கவில்லை. அத்தனை மெதுவாக ஏறியிருக்கிறான். அக்காவைப் பார்க்காமல், நேராகக் கம்ப்யூட்டர் முன்னால் மண்டியிட்டு, தான் ஒட்டிய ஸ்டிக்கரை விரலால் தடவினான்.

"நான் என்ன தப்பு பண்ணினேன்னு தினமும் யோசிச்சேன்கா" என்றான். "அக்கா பேச மாட்டேங்கறாளே, நான் என்ன பண்ணினேன்னு. பண்ணித்தான் இருக்கேன்."

"நீ பண்ணல. பேட்டரி பண்ணுச்சு. நான் சரிபார்க்கல."

"எச்சரிக்கை என் கண்ணு முன்னாடி ஓடுச்சு." போர்வையை எடுத்துப் பெட்டியைச் சுற்ற ஆரம்பித்தான். "மணி என்ன மேடம்? அஞ்சுக்கு முன்னாடி விசாரணைக் குழுகிட்ட போய்ச் சேர முடியுமா?"

"ஆட்டோல போனா போயிடலாம்" என்றாள் சித்தி.

அக்கா பெட்டியின் மேல் கையை வைத்து அழுத்தினாள். "எடுக்காத. எல்லாம் முடிஞ்சு போச்சு. என்னை விட்டுடு. எனக்கு இனிமே என்ன இருக்கு? நீ இப்பதான் வாழவே ஆரம்பிக்கறே. இதை எடுத்துட்டுப் போனா நான் உனக்கு அக்காவே இல்ல."

அவன் அவளுடைய விரல்களை ஒவ்வொன்றாக, நோகாமல் விலக்கினான். "இத்தனை நாள் அப்படித்தானேகா இருந்தே?"

அவள் கை தானாகவே கீழே விழுந்தது.

"அவங்க வீட்ல யாராவது இருக்காங்களா?" என்று கேட்டான், தலையைத் தூக்காமலே.

"ஒரு பொண்ணு. கட்டிக் கொடுத்துட்டாங்க. வெளியூர்ல இருக்கா. ஒருதடவை போனேன். வாசல் வரைக்கும் போய்ட்டுத் திரும்பி வந்துட்டேன்."

"நான் உள்ள போறேன்" என்றான். பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டான்.

"இரு, நானும் வர்றேன்." அக்கா செருப்பைத் தேடினாள்.

"வேண்டாம். நீ வந்தா மறுபடியும் பொய் சொல்லுவ."

அவ்வளவுதான். படியில் இறங்கிவிட்டான். சித்தி என் தோளை அழுத்தி, "இவங்களைத் தனியா விட்டுடாதே" என்று சொல்லிவிட்டு அவன் பின்னால் ஓடினாள். நாலு மாடியையும் அவர்கள் இறங்கி முடிக்கிற வரை காலடிச் சத்தம் கேட்டது. பிறகு ஆட்டோ கிளம்பும் சத்தம்.

அக்கா கட்டிலில் உட்கார்ந்தாள். நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். ஜெயிலிலிருந்து தப்பித்தவளிடம் வாழ்த்துச் சொல்வதா, துக்கம் விசாரிப்பதா என்று எனக்குத் தெரியவில்லை. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். குடிக்காமல் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"அவன் வந்ததிலேருந்து அவன் முகத்தை நான் பாக்கவே இல்ல" என்றாள். "பாக்கத் தைரியம் வரல. நீ பாத்தியாம்மா? எப்படி இருந்துச்சு?"

பொய் சொல்லலாமா என்று நினைத்தேன். நிம்மதியாக இருந்தான், இனிமேல் சரியாகிவிடுவான் என்று ஏதாவது. இந்த அறையில் அது ஏற்கனவே போதுமான அளவு நடந்துவிட்டது.

"உங்க முகம் மாதிரியே இருந்துச்சு" என்றேன்.

அதற்கப்புறம்தான் அவள் வாய்விட்டு அழுதாள்.